வாய்க்காலில் 24 அடி: ஒரு குளத்து மட்டக் கருவியும் நினைவக ஒழுங்கும் (நிகழ்வு ஆய்வு)

காலபோக மழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில், வன்னியின் நடுத்தரக் குளமொன்றின் கமக்கார அமைப்புச் செயலாளருடைய போனுக்கு ஓர் எஸ்எம்எஸ் வந்தது. வான் வாய்க்காலில் (குளம் நிரம்பி வழியும் நீர் போகும் வாய்க்கால்) நீர்மட்டம் 24 அடி என்றது அது. கருவியைப் பொருத்திய பொடியனுக்கு அவர் உடனே அழைத்தார். "தம்பி, அந்த வாய்க்காலின்ர கட்டே அஞ்சு அடிதான். இருபத்திநாலு அடி எண்டால் இப்ப நான் முகட்டில இருந்தெல்லோ உம்மோட கதைக்கோணும்?"

24 என்பது குப்பை எண் அல்ல. அந்த நேரத்தில் குளத்தின் மட்டம் அதுதான். எண் சரி, அதற்கு ஒட்டப்பட்ட முகவரிதான் பிழை. இந்தத் துப்பு முதல் இரவிலேயே கையில் இருந்தும் யாரும் அதைத் துப்பாக எடுக்கவில்லை.

குளத்தின் பெயர் இங்கே தேவையில்லை, கருவியைச் செய்த இளைஞர்களின் பெயரும் தேவையில்லை. கிளிநொச்சியில் இருந்து வேலை செய்யும் சிறு குழு. வெளியாள் ஒருவர் பார்த்தால் நல்லது என்று மூலநிரலையும் பதிவுக் கோப்புகளையும் எனக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். நினைவகப் பிழைகளைக் கம்பைலரே தடுக்கும் என்று பேர் எடுத்த ரஸ்ட் நிரல்மொழியில் எழுதிய நிரல் "பயமில்லை" என்ற நம்பிக்கையோடு அலைகரைக்குப் போய், அந்த நம்பிக்கை எந்த வரியில் உடைந்தது என்பதுதான் விடயம்.

கருவி

வன்னியில் பெரும்பகுதி மழை வடகீழ்ப் பருவத்துக்குள் குவிந்து விழும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஊர்களுக்குள் போனதைப் பார்த்தவர்களுக்கு, குளத்து மட்டம் ஏறும் வேகத்தை முன்கூட்டி அறிவது எவ்வளவு பெறுமதி என்று சொல்லத் தேவையில்லை. பெரிய குளங்களுக்கு ஆள் இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது. நடுத்தரக் குளங்களில் இரவு மழைக்குள் டோர்ச் அடித்து அளவுகோல் பார்க்க ஒருவர் கட்டில் நடக்க வேண்டும். அந்த வேலையைக் குறைக்க வந்ததுதான் இந்தக் கருவி.

குளத்தில் ஓர் உணரி, வான் வாய்க்காலில் இன்னோர் உணரி. இரண்டும் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகைக்குள் வரும். சூரியத் தகடும் பற்றரியும் மின்சாரம் தரும். நிரலில் இரண்டு த்ரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு இழைகள். ஒன்று உணரிகளை மாறி மாறி வாசித்துப் பதிவு தயாரிக்கும். மற்றது அந்தப் பதிவை எடுத்துக் கோப்பில் எழுதி, எல்லை தாண்டினால் எஸ்எம்எஸ் அனுப்பும். சாதாரண நாளில் வாசிப்பு மெதுவாக நடக்கும். மட்டம் ஏறத் தொடங்கினாலோ, காற்றில் அலை அடித்து வாசிப்பு ஆடினாலோ கருவி வேகப் பயன்முறைக்கு மாறி, ஒரு வினாடிக்குள் பல தடவை வாசித்துச் சராசரி எடுக்கும்.

ஆகவே பிழை மழையோடு மட்டும் வந்தது. மழையோடு வரும் பிழைக்கு மழையைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். மின்னல், கேபிள் மூட்டில் ஈரம், முகில் மூடி மின்னழுத்தம் விழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்தார்கள். குரங்கு கேபிளை இழுத்திருக்கும் என்றும் ஒருவர் சொன்னார் (வன்னியில் இது சிரித்துவிட்டு விடும் யோசனை அல்ல). கேபிள் மாற்றப்பட்டது, மின்னல் காப்பு போடப்பட்டது, மழை விட்டது, பிழையும் நின்றது. திருத்தியாயிற்று என்று எழுதி மூடிவிட்டார்கள். அடுத்த மழையில் குளத்தின் மட்டம் இரண்டரை அடி என்று செய்தி வந்தது.

சரிபார்ப்புத் தொகை பிடித்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். பதிவுக்குச் சிஆர்சி இருந்தது. ஆனால் அதைக் கணக்கிட்டது அனுப்பும் த்ரெட், அதுவும் பதிவை நகலெடுத்த பிறகு. பிழையான பதிவுக்குச் சரியான தொகை போட்டு, சுத்தமாக முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

வழக்கின் மையம்: ஒரு பெட்டி, ஒரு கொடி

இரண்டு த்ரெட்களுக்கும் நடுவில் ஒரு பதிவு மட்டும் கொள்ளும் பெட்டி. அது நிரம்பியிருக்கிறதா என்று சொல்ல ஓர் அட்டாமிக் பூல் கொடி (பாதி எழுதிய நிலையில் யாருக்கும் தெரியாத உண்மை/பொய் மதிப்பு). நிரலைத் தமிழில் சுருக்கினால் இப்படி (லோட் என்றால் வாசிப்பது, ஸ்டோர் என்றால் எழுதுவது, ரிலாக்ஸ்ட் என்பது மிகத் தளர்ந்த ஒழுங்கு):

எழுதும் த்ரெட்:
  கொடி.லோட்(ரிலாக்ஸ்ட்) பொய் என்றால்
    பெட்டி ← புதிய பதிவு
    கொடி.ஸ்டோர்(உண்மை, ரிலாக்ஸ்ட்)

வாசிக்கும் த்ரெட்:
  கொடி.லோட்(ரிலாக்ஸ்ட்) உண்மை என்றால்
    நகல் ← பெட்டி
    கொடி.ஸ்டோர்(பொய், ரிலாக்ஸ்ட்)

பெட்டி ஓர் அன்சேஃப்செல், அதாவது ரஸ்ட்டின் வழக்கமான காவல் இல்லாத நினைவக இடம். அதை இரண்டு த்ரெட்களுக்கிடையே பகிர ரஸ்ட் கம்பைலர் விடாது. ஆகவே "இது சிங்க் (த்ரெட்களுக்கிடையே பகிரலாம்), நான் பொறுப்பு" என்று அன்சேஃப் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கையெழுத்துக்கு மேலே, நல்ல வழக்கப்படி, காரணம் எழுதிய குறிப்பும் இருந்தது: "கொடி உண்மையாக இருக்கும்போது மட்டும் வாசிக்கப்படும், பொய்யாக இருக்கும்போது மட்டும் எழுதப்படும், ஆகவே பாதுகாப்பானது."

நிரலைவிட நான் அதிக நேரம் செலவழித்தது இந்த ஒரு வாக்கியத்தில்தான். படித்தால் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு கோர்களுக்கும் (ப்ராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) பொதுவாக ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று அது எண்ணிக்கொள்கிறது. கொடி உண்மையான கணத்தில் பெட்டியும் நிரம்பியிருக்கும், அதை எல்லோரும் ஒரே வரிசையில் காண்பார்கள் என்ற எண்ணம். ரஸ்ட்டின் நினைவக மாதிரியில் அப்படி ஒரு பொதுக் கணம் இல்லை. அட்டாமிக்குகளுக்கு ரஸ்ட் எடுத்துக்கொண்டிருப்பது சி++20 மாதிரியை. அதில் ஒரு செயல் இன்னொன்றுக்கு "முன் நடந்தது" என்று சொல்ல, இரண்டையும் இணைக்கும் சங்கிலி இருக்க வேண்டும். ஒரே த்ரெட்டுக்குள் நிரலின் வரிசை அந்தச் சங்கிலி. த்ரெட் விட்டுத் த்ரெட் போக, ஒரு பக்கம் ரிலீஸ் ஆக (இதற்கு முன் செய்ததெல்லாம் முடிந்தது என்று) எழுதி மறுபக்கம் அதே மதிப்பை அக்குயர் ஆக (இதைக் கண்ட பிறகே மற்றதைத் தொடுவேன் என்று) வாசிக்க வேண்டும். ரிலாக்ஸ்ட் அந்தக் கொடியின் மதிப்பு கிழியாமல் இருக்கும் என்று மட்டும் உறுதி தரும். கொடியைச் சுற்றியுள்ள மற்ற நினைவகத்தைப் பற்றி அது வாய் திறக்காது.

தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் துருசை (மதகை) திறந்துவிட்டு, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைக்கண்டக் கமக்காரருக்கு மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பினால் சேதி போய்ச் சேரும்போது தண்ணீர் பாதி வாய்க்காலில்தான் வந்துகொண்டிருக்கும். ரிலாக்ஸ்ட் கொடி அந்தச் சேதிதான்.

பலகைக்குள் நடந்தது

பதிவு சி-வடிவ அமைப்பில், அதாவது எழுதிய வரிசையிலேயே நினைவகத்தில், இருந்தது. பைட்களை அப்படியே அனுப்புவதற்காக அப்படி வைத்திருந்தார்கள். மட்டமும் சராசரியும் முன்பகுதியில், உணரி எண்ணும் நேரமும் கடைசியில், அவற்றை ஒட்டிக் கொடி. ராஸ்பெரி பை 4 இல் இருப்பது நான்கு கோர்டெக்ஸ்-ஏ72 கோர்கள், கேஷ் வரி (கோரின் அருகிலுள்ள வேக நினைவகம் ஒரு தடவையில் கையாளும் துண்டு) 64 பைட். பதிவு ஒரு வரிக்குள் அடங்காமல் இரண்டில் விழுந்தது: முன்பகுதி ஒரு வரியில், பின்பகுதியும் கொடியும் அடுத்த வரியில்.

எழுதும் கோர் இரண்டு வரிகளுக்கும் எழுதுகிறது. எழுத்துகள் நேரே கேஷுக்குப் போவதில்லை, ஸ்டோர் பஃபர் என்ற இடைத்தாங்கியில் காத்திருக்கும். ஆர்ம் கட்டமைப்பில் வெவ்வேறு இடங்களுக்கான எழுத்துகள், தடை எதுவும் இல்லாவிட்டால், நிரல் வரிசையில்தான் வெளியே தெரிய வேண்டும் என்றில்லை. இரண்டாம் வரி முதலில் வெளியேறினால், மற்றக் கோர் கொடியைக் காணும், பின்பகுதியையும் புதிதாகக் காணும். முன்பகுதிக்கோ அதன் கேஷில் கடந்த முறை வாசித்த பழைய நகல் இன்னும் செல்லுபடியாக இருக்கும். உணரிகள் மாறி மாறி வாசிக்கப்படுவதால் பழைய முன்பகுதி பெரும்பாலும் மற்ற உணரியுடையது. வாய்க்காலின் எண்ணோடு குளத்தின் மட்டம் வந்தது இந்த வழியில்தான். வாசிக்கும் பக்கமும் நிரபராதி அல்ல. கொடியை வாசித்து முடிக்கும் முன்பே பெட்டியை ஊகத்தில் வாசிக்க அந்தக் கோருக்கும் உரிமை உண்டு.

மடிக்கணினியில் ஏன் வரவில்லை? எக்ஸ்86 ப்ராசஸரில் எழுத்துக்குப் பின் எழுத்து, வாசிப்புக்குப் பின் வாசிப்பு என்ற வரிசை வெளியே மாறித் தெரியாது. எழுதிவிட்டு வேறோர் இடத்தை வாசிப்பது மட்டும் முந்திக்கொள்ளலாம். ஆகவே அங்கே ரிலாக்ஸ்ட், அக்குயர், ரிலீஸ் ஆகிய லோட், ஸ்டோர் எல்லாம் பொதுவாக ஒரே சாதாரண கட்டளையாகவே மொழிபெயரும். குழுவின் சோதனைகள் எல்லாம் மடிக்கணினியில் பச்சை காட்டியதற்கு இதுதான் காரணம். இதை வைத்து "எக்ஸ்86 இல் இந்த நிரல் சரி" என்றும் சொல்ல முடியாது. கம்பைலருக்கும் வரிசை மாற்ற உரிமை உண்டு, அது ஒரு பதிப்பில் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டது உத்தரவாதம் ஆகாது. பழைய ராஸ்பெரி பை 3 பலகையிலும் பிழை தெரியவில்லை. அதன் கோர்டெக்ஸ்-ஏ53 கட்டளைகளை வரிசையாகவே ஓட்டும் எளிய கோர், அதே ஆர்ம் விதிகள்தான், விதி தந்த சலுகையைக் குறைவாக எடுக்கிறது. பலகையை மேம்படுத்தியது பிழையைக் கொண்டுவரவில்லை. உள்ளே இருந்ததை வெளியே எடுத்துக் காட்டியது.

எப்படிப் பிடித்தார்கள்

திருப்பம் ஒரு சின்ன மாற்றத்தில் வந்தது. சிஆர்சியை எழுதும் த்ரெட்டிலேயே, பெட்டிக்குள் போடும் முன் கணக்கிட வைத்தார்கள். அந்த நாளே பொருந்தாத பதிவுகள் தெரியத் தொடங்கின. உணரி, கேபிள், மின்னல், குரங்கு எல்லாம் ஒரே நேரத்தில் விடுதலை. பிழை இரண்டு த்ரெட்களுக்கும் நடுவில்தான்.

அடுத்து வழமையான பொறி. எங்கே என்று பார்க்க எழுதும் பக்கத்தில் ஓர் அச்சு வரி சேர்த்தார்கள், பிழை மறைந்துவிட்டது. அச்சு வரி வெளியீட்டுக்குப் பூட்டுப் போட்டு எடுக்கும், கர்னலுக்குள் போய்வரும். அதற்குள் ஸ்டோர் பஃபர் தாராளமாக வடிந்துவிடும். "அச்சு வரியை அப்படியே விட்டுவிடுவோமா?" என்று குழுவில் ஒருவர் உண்மையாகவே கேட்டாராம். களைத்த ஆளின் கேள்வி, புரிகிறது.

இன்னொருவர் வொலட்டைல் (கம்பைலர் தவிர்த்துவிடக் கூடாத) எழுத்து, வாசிப்பு போடலாம் என்றார். இதில் பிழையின் வம்சாவளி தெரிகிறது. கருவியின் முதல் வடிவம் ஒற்றைக் கோர் மைக்ரோகன்ட்ரோலரில் ஓடியது. இன்டரப்ட் (வன்பொருளின் குறுக்கீடு) வந்ததும் கொடியை ஏற்று, பிரதான சுற்றில் கொடியைப் பார், வொலட்டைல் போடு. ஒரே கோர் தன் எழுத்தைத் தான் எப்போதும் வரிசையாகவே காணும் என்பதால் அங்கே அது ஓடிவிடும். அந்தப் பழக்கம் நான்கு கோர் பலகைக்குக் குடிபெயர்ந்தபோது வொலட்டைல் இருந்த இடத்தில் அட்டாமிக் வந்தது, சிந்தனை பழையதே. ரஸ்ட்டில் வொலட்டைல் வன்பொருள் பதிவேடுகளோடு பேசுவதற்கு. த்ரெட்களுக்கிடையே அது எந்த ஒத்திசைவும் தராது.

பாதித் திருத்தம்

முதல் திருத்தம் எதிர்பார்த்தபடி: கொடியை உண்மை ஆக்குவது ரிலீஸ், அதைப் பார்ப்பது அக்குயர். பலகையில் ஓட்டினார்கள். பொருந்தாத பதிவு ஒன்றும் இல்லை. என்னிடம் நிரல் வந்தது இந்த நிலையில்தான், "சரிதானே?" என்ற கேள்வியோடு.

சரியில்லை. இந்தப் பெட்டியில் கைமாற்றம் இரண்டு நடக்கிறது. நிரம்பிய பெட்டியை எழுதுபவர் வாசிப்பவரிடம் கொடுக்கிறார். காலியான பெட்டியை வாசிப்பவர் எழுதுபவரிடம் திருப்பிக் கொடுக்கிறார். திருத்தப்பட்டது முதலாவது மட்டும். வாசிப்பவர் நகலெடுத்துவிட்டுக் கொடியைப் பொய் ஆக்கும் எழுத்து இன்னும் ரிலாக்ஸ்ட். "வாசித்து முடித்துவிட்டேன்" என்ற சேதி, வாசிப்பு முடியும் முன்பே வெளியே போகலாம். அப்போது எழுதுபவர் அடுத்த பதிவை உள்ளே கொட்டத் தொடங்குவார், நகலின் பின்பாதி அடுத்த பதிவுடையதாகும்.

இதை அவர்கள் பலகையில் காணவே இல்லை. வாசிப்பைத் தாண்டி எழுத்து முந்துவதை ஆர்ம் விதி அனுமதிக்கிறது, நடைமுறையில் கண்ணில் படுவது அபூர்வம். எழுதும் பக்கத்தில் "கொடி பொய் என்றால் எழுது" என்ற நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனையை மீறி எழுத்தை முன்னே விட ஆர்ம் வன்பொருளுக்கு அனுமதியில்லை. ஆனால் ரஸ்ட்டின் மாதிரி அத்தகைய நிபந்தனைச் சார்பை ஒத்திசைவாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆக மொழியின் பார்வையில் இது இன்னும் தரவுப் போட்டி (ஒழுங்கில்லாமல் இருவர் ஒரே நினைவகத்தைத் தொடுவது, ஒருவராவது எழுதுவது), வரையறையற்ற நடத்தை. பலகையில் எத்தனை நாள் பிழையில்லாமல் ஓடினாலும் இந்தத் தீர்ப்பு மாறாது.

சொன்னால் நம்பத் தேவையில்லை, காட்டலாம். பெட்டியை மட்டும் தனி மொடியூலாகப் பிரித்தோம். உணரி நூலகங்கள் கூட இருந்தால் மிரி ஓடாது. அது நிரலை வரிவரியாக விளக்கி ஓட்டும் கருவி, சீரியல் போர்ட் அதற்கு எட்டாது. மிரி "முன் நடந்தது" உறவைக் கணக்கு வைத்துப் பார்ப்பதால் எக்ஸ்86 மடிக்கணினியிலேயே இரண்டாம் கைமாற்றத்தில் தரவுப் போட்டி என்று நின்றது, எந்த இரண்டு வரிகள் மோதுகின்றன என்றும் காட்டியது. பிறகு லூம். டோக்கியோ (Tokio) என்ற ரஸ்ட் திட்டத்தாருடைய இந்த நூலகம், சிறு சோதனைக்குள் த்ரெட்கள் பின்னிக்கொள்ளக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும். அதுவும் அதே இடத்தைக் காட்டியது. இரண்டும் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நினைக்கக் கூடாது. ரிலாக்ஸ்ட் அனுமதிக்கும் எல்லா விசித்திரங்களையும் இரண்டுமே முழுதாக உருவகப்படுத்துவதில்லை. ஆனால் முல்லைத்தீவு மழைக்குள் போய் நின்று பிழைக்குக் காத்திருப்பதைவிட மேசையில் இருந்தே பிடிப்பது மேல்.

பொய் ஆக்கும் எழுத்து ரிலீஸ், எழுதும் பக்கத்தின் லோட் அக்குயர் என்று மாற்றியதும் இரண்டு கருவிகளும் அமைதியாகின. நான்கையும் செக்சிஎஸ்டி (எல்லாவற்றிலும் கண்டிப்பான ஒழுங்கு) ஆக்கிவிட்டால் யோசிக்கவே தேவையில்லையே என்ற யோசனையும் வந்தது. அதுவும் திருத்தியிருக்கும், இந்தப் பலகையில் விலையும் கூடாது. ஏ72 இல் அந்த லோட், ஸ்டோருக்கும் அக்குயர், ரிலீஸுக்கும் கம்பைலர் தருவது அதே கட்டளைகள்தான். நான் மறுத்த காரணம் வேறு. அக்குயர் என்று எழுதினால் "இதன் ரிலீஸ் எங்கே?" என்று அடுத்து வருபவர் தேடுவார். எல்லாம் செக்சிஎஸ்டி என்றால் எது எதோடு சோடி என்று யாருக்கும் தெரியாது. இரண்டு த்ரெட்கள் ஆளுக்கொரு கொடியை ஏற்றிவிட்டு மற்றவருடைய கொடியைப் பார்ப்பது போன்ற அமைப்பில்தான் அது உண்மையில் தேவைப்படும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

கடைசியில் போட்டது

சரியான நான்கு சொற்களைக் கண்டுபிடித்த பிறகு, அந்தப் பெட்டியையே கழற்றிவிடச் சொன்னேன். குழுவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். வேகப் பயன்முறையில்கூட வினாடிக்குச் சில பதிவுகள். இதற்குப் பூட்டில்லா அமைப்பு எதற்கு? மேலும் வாசிக்கும் த்ரெட் கொடியைப் பார்த்தபடி ஓயாமல் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு முழுக் கோர், இரவு பகலாக, சும்மா. முகில் மூடிய மார்கழியில் பற்றரி விழுகிறது என்று முதலில் சந்தேகப்பட்டார்களே, அந்தச் சந்தேகம் பாதி சரி. பற்றரியை வேகமாகக் குடித்தவற்றில் இந்தச் சுழற்சியும் ஒன்று.

இப்போது நடுவில் இருப்பது ரஸ்ட் நிலையான நூலகத்தின் கொள்ளளவு வரையறுத்த சனல் (த்ரெட்டில் இருந்து த்ரெட்டுக்குப் பதிவைக் கடத்தும் வரிசை). எழுதுபவர் ட்ரை-சென்ட் செய்வார். இடமில்லாவிட்டால் பதிவைக் கைவிட்டு, கைவிட்டதாக எண்ணிக்கொள்வார். வாசிப்பவர் பதிவு வரும்வரை தூங்குவார். அக்குயரும் ரிலீஸும் எங்கும் போய்விடவில்லை, சனலுக்குள் இருக்கின்றன. 2023 ஜனவரியில் வந்த 1.67 பதிப்பில் இருந்து அந்தச் சனலின் உட்புறம் கிராஸ்பீம் நூலகத்தின் வடிவமைப்பைத் தழுவியது, நிறையப் பேர் அடித்துத் துவைத்துப் பார்த்த நிரல். குழுவின் நிரலில் அந்த இடத்தில் இனி அன்சேஃப் இல்லை. வேறோர் இடத்தில் வந்தால், பாதுகாப்புக் குறிப்பில் எந்த ரிலீஸ் எந்த அக்குயரோடு சேர்கிறது என்று வரி சுட்டி எழுத வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். "அப்போது", "இருக்கும்போது" என்று மட்டும் எழுதிய குறிப்பு திருப்பி அனுப்பப்படும்.

பழைய பதிவுகள்தான் சங்கடம். வாய்க்காலில் 24 அடி என்றால் பிழை என்று தெரியும். ஆனால் அதே உணரியின் முந்தைய பதிவோடு சராசரி கலந்திருந்தாலோ, இரண்டு மட்டங்களும் நெருங்கியிருந்தாலோ, கிழிந்த பதிவையும் நல்ல பதிவையும் பிரிக்க வழியில்லை. அந்தப் பருவத்தின் வேகப் பயன்முறைத் தரவு முழுவதையும் "ஐயம்" என்று குறியிட்டுத்தான் குளத்துக்குப் பொறுப்பானவர்களிடம் கொடுத்தார்கள். மழை கூடிய நாட்களின் தரவு அது, அதாவது மிகவும் தேவைப்பட்ட தரவு. செயலாளருக்கு இதை விளக்கப் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அந்த நாளையில நான் கட்டில நடந்து பாத்து எழுதின கொப்பி இருக்கு. வேணுமோ?" வாங்கிக்கொண்டார்கள்.

நிரலில் இன்னும் ஒரு ரிலாக்ஸ்ட் இருக்கிறது. கைவிட்ட பதிவுகளை எண்ணும் அட்டாமிக் எண்ணி. குழுவின் இளையவர் அதையும் மாற்றிவிட வரி திருத்தி அனுப்பியிருந்தார். அதைத் திருப்பி அனுப்பினேன். அந்த எண் வேறெந்தத் தரவையும் யாரிடமும் கையளிப்பதில்லை, கூட்டினால் கூடினால் போதும்.